ஒயினை அறிந்து தேர்ந்தெடுக்கத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒயினைப் பற்றி முறையாக அறிந்துகொள்ள விரும்புவோர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இந்தியக் கடைகளில் வாங்கக்கூடிய ஒயின்களை வைத்தே பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் அமைந்துள்ளன. சுவைத்துப் பார்க்க வாய்ப்பில்லாத ஒன்றைப் பற்றி எவ்வளவு படித்தாலும் அது மனத்தில் தங்குவதில்லை.

ஒயின் என்பது சரியாக என்ன?

திராட்சைச் சாறு நொதித்து உண்டாகும் மதுவே ஒயின். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை உட்கொண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. பீருக்குத் தானியத்தின் மாவுச்சத்தை முதலில் சர்க்கரையாக மாற்ற வேண்டும். விஸ்கியையும் பிராந்தியையும் நொதித்த பிறகு காய்ச்சி வடிக்க வேண்டும். ஒயினுக்கு இவ்விரண்டும் தேவையில்லை. பழத்திற்கும் பாட்டிலுக்கும் இடையே நிகழும் மாற்றம் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான், திராட்சையின் வகையும் அது விளைந்த மண்ணும் அந்த ஆண்டின் வெயிலும் மழையும் ஒயினின் சுவையில் நேரடியாகத் தெரிகின்றன. பெரும்பாலான ஒயின்களில் ஆல்கஹாலின் அளவு 11 முதல் 15 சதவீதம் வரை இருக்கும்.

சிவப்பு, வெள்ளை, ரோஸே என்ற வேறுபாடு எப்படி ஏற்படுகிறது?

கறுப்புத் திராட்சையின் தோலை உரித்துப் பார்த்தால், ஒருசில வகைகளைத் தவிர, உள்ளே இருக்கும் சதை வெளிறியே இருக்கும். நிறம் முழுவதும் தோலில்தான் உள்ளது. கறுப்புத் திராட்சையைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் பல நாட்கள் நொதிக்கவிட்டால் சிவப்பு ஒயின் கிடைக்கிறது. தோலைச் சில மணி நேரம் மட்டும் சாற்றில் ஊறவிட்டு எடுத்துவிட்டால் ரோஸே கிடைக்கிறது. பழத்தைப் பிழிந்தவுடன் தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்கவைத்தால் வெள்ளை ஒயின். எனவே கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின் செய்ய முடியும். பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை பெருமளவில் ஷாம்பெயினுக்குப் பயன்படுவது இதற்குச் சான்று. தோலிலிருந்து நிறத்துடன் துவர்ப்பும் இறங்குவதால், சிவப்பு ஒயினில் மட்டும் வாயை இழுக்கும் அந்தப் பிடிப்பு காணப்படுகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே நேரத்தில் இரண்டு கோப்பைகளிலிருந்து தொடங்குங்கள். ஒரு பாட்டிலை மட்டும் திறந்து அருந்தினால், பிடித்திருக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது. இரண்டை அருகருகே வைத்து மாறி மாறிச் சுவைக்கும்போது, ஒன்றில் புளிப்பு மிகுதி, மற்றொன்றில் மணம் மிகுதி என்று நாக்கும் மூக்கும் தாமாகவே கண்டுகொள்கின்றன. ஒயினைக் கற்பதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. நூறு பெயர்களை மனப்பாடம் செய்தவரைவிட, பத்து இணைகளை நிதானமாக ஒப்பிட்டுச் சுவைத்தவர் கடையில் தெளிவாகத் தேர்ந்தெடுப்பார்.

முதல் இணையாக, நாசிக்கில் ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் தயாரித்த செனின் பிளாங், சாவிஞோன் பிளாங் ஆகிய இரு வெள்ளை ஒயின்களைப் பரிந்துரைப்பேன். இரண்டையும் குளிரவைத்து, ஒவ்வொன்றிலும் கால் கோப்பைக்கு மேல் ஊற்றாமல், முதலில் முகர்ந்து மட்டும் பாருங்கள். சாவிஞோன் பிளாங்கில் வெட்டிய புல், பச்சைக் குடைமிளகாய், கொய்யா ஆகியவற்றின் மணம் முன்னால் வந்து நிற்கும். செனின் பிளாங்கில் பேரிக்காயும் அன்னாசியும் சற்றே தேனும் அடக்கமாக எழும். பிறகு கோப்பையை மெதுவாகச் சுழற்றி மீண்டும் முகருங்கள். முதலில் தெரியாத மணங்கள் மேலே வரும். சுவைக்கும்போது சாவிஞோன் பிளாங் கூர்மையான புளிப்போடு சட்டென்று முடிவதையும், இந்தியச் செனின் பிளாங்குகள் பலவற்றில் சிறிது சர்க்கரை எஞ்சியிருப்பதால் அது உருண்டு திரண்டு செல்வதையும் உணரலாம்.

அடுத்தடுத்த இணைகளில் ஒரே ஒரு கூறு மட்டும் மாறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரின் இரு திராட்சைகளுக்குப் பிறகு, ஒரே திராட்சையை இரு ஊர்களிலிருந்து எடுங்கள்: நாசிக்கின் ஷிராஸும் ஆஸ்திரேலியாவின் பரோஸாப் பள்ளத்தாக்கின் ஷிராஸும் நல்ல இணை. அதன்பின் ஓக் மரப்பீப்பாயில் வைத்த சார்டொனேயும் பீப்பாயைக் காணாத சார்டொனேயும். மூன்று நான்கு நண்பர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொருவரும் அருந்தும் அளவும் குறைவாக இருக்கும், கற்பதும் மிகுதியாக இருக்கும்.

சுவைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு, வாயில் உணரும் கனம் ஆகிய ஐந்தையும் தனித்தனியாகக் கவனிக்கப் பழகினால், எந்த ஒயினையும் பிறருக்கு விளங்கும்படி விவரிக்க இயலும்.

இனிப்பை அறிவதில்தான் தொடக்கத்தில் குழப்பம் நேரும். பழ மணம் மிகுந்த ஒயின் இனிப்பாக இருப்பதாக மூளை நம்பிவிடுகிறது. மூக்கை விரலால் மூடிக்கொண்டு ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். மணம் மறைந்து, நாக்கில் உண்மையாகவே சர்க்கரை உள்ளதா என்பது தெரிந்துவிடும். புளிப்பை, விழுங்கிய பிறகு வாயில் எவ்வளவு உமிழ்நீர் ஊறுகிறது என்பதைக் கொண்டு அளக்கலாம். வெப்பமான இடங்களில் விளையும் திராட்சையில் பழுக்கப் பழுக்க அமிலம் குறைந்துவிடும் என்பதால், குளிர்ந்த நாட்டு ஒயின்களில் புளிப்பு பொதுவாகக் கூடுதலாக இருக்கும்.

துவர்ப்பைத் தருவது டானின் என்னும் பொருள். நாவற்பழம் தின்ற பின் நாக்கிலும் ஈறுகளிலும் ஏற்படும் உலர்ந்த இழுப்பை அறிந்த நமக்கு இதைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அதே உணர்வு, அதே காரணம். டானின் உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைந்துகொள்வதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. அந்தத் துவர்ப்பு சொரசொரப்பாக இருக்கிறதா, பட்டுப்போல் மென்மையாக இருக்கிறதா என்று கவனிப்பது அடுத்த படி. ஆல்கஹால் தொண்டையில் இறங்கும்போது சூடாகத் தெரியும். கனம் என்பது இவையனைத்தும் சேர்ந்து வாயை எவ்வளவு நிறைக்கின்றன என்பதே.

இறுதியாக, விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று நொடிகளில் மறைந்துவிடும் ஒயினுக்கும், கால் நிமிடம் வரை புதுப்புது மணங்களோடு நீடிக்கும் ஒயினுக்கும் உள்ள வேறுபாடு, தரத்தை அறிவதற்கு ஓரளவு நம்பத்தக்க அடையாளம்.

மற்றவர்கள் சொல்லும் மணங்கள் எனக்குத் தெரிவதில்லையே?

அது குறைபாடு அன்று. ஷிராஸ் ஒயினில் மிளகின் மணம் வருவதற்கு ரோட்டண்டோன் என்னும் சேர்மம் காரணம் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். நம் வீட்டு மிளகில் இருப்பதும் அதே சேர்மம்தான். அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரால் அந்த மணத்தை நுகரவே முடியவில்லை. ஒரே கோப்பையை முகரும் இருவர் வெவ்வேறு மணங்களைச் சொல்வதற்கு இத்தகைய உடல்சார்ந்த காரணங்கள் உண்டு.

மேலும், வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் நெல்லிவகைப் பழங்களையும் காட்டுப் பெர்ரிகளையும் நம்மில் பலர் முகர்ந்ததே இல்லை. உங்களுக்கு அது கொடுக்காப்புளியாகவோ, முந்திரிப்பழமாகவோ, மல்லி விதையாகவோ தோன்றினால் அப்படியே எழுதிவையுங்கள். அடுத்த முறை அதே மணம் வரும்போது உங்கள் குறிப்புதான் உங்களுக்கு உதவும்.

நல்ல ஒயின் இனிப்பாக இருக்க வேண்டாமா?

உலகில் விற்பனையாகும் மேசை ஒயின்களில் பெரும்பகுதி டிரை வகை. அதாவது, சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிட்ட ஒயின். கோவாவில் போர்ட் என்ற பெயரில் விற்கப்படும் மலிவான இனிப்பு ஒயினை மட்டும் அருந்திப் பழகியவர்களுக்கு முதல் டிரை ஒயின் ஏமாற்றமாகத் தோன்றுவது இயல்பு. உண்மையான போர்ட் என்பது போர்ச்சுகலின் தோரூப் பள்ளத்தாக்கில், நொதித்தல் பாதியில் இருக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்திச் செய்யப்படுவது. அதில் ஏறத்தாழ 20 சதவீதம் ஆல்கஹால் இருக்கும்.

இனிப்பு ஒயின் தாழ்ந்தது என்றும் எண்ணிவிட வேண்டாம். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரைச் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங், பிரான்சின் சோதேர்ன் ஆகியவை இனிப்பும் புளிப்பும் துலாக்கோல்போல் நிற்கும் மாபெரும் ஒயின்கள். இனிப்பை விரும்புவோர் கூச்சமின்றி அங்கிருந்தே தொடங்கலாம். நுரைக்கும் ஒயின்களில் மட்டும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: எக்ஸ்ட்ரா டிரை என்று எழுதியிருப்பது புரூட் என்று எழுதியிருப்பதைவிட இனிப்பானது.

எந்தத் திராட்சை வகைகளை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்?

வெள்ளையில் நான்கு, சிவப்பில் நான்கு போதும். செனின் பிளாங், சாவிஞோன் பிளாங் ஆகியவற்றை மேலே பார்த்தோம். சார்டொனே தன்னளவில் அடக்கமான மணம் கொண்டது. செய்முறை அதன்மேல் எழுதுவதுதான் பெரும்பாலும் நமக்குத் தெரிகிறது. கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக பாக்டீரியாக்கள் மாற்றும்போது வெண்ணெய் மணம் பிறக்கிறது. ஓக் பீப்பாய் வெனிலாவையும் வறுத்த வாசனையையும் சேர்க்கிறது. பிரான்சின் ஷாப்ளியில் விளையும் சார்டொனேயில் இவை பெரும்பாலும் இராது. நான்காவது ரீஸ்லிங், உயர்ந்த புளிப்பு, எலுமிச்சை, மலர் மணம்.

சிவப்பில் கேபர்நே சாவிஞோன் தடித்த தோலும் மிகுந்த டானினும் கொண்டது. சிவப்புத் திராட்சையான கேபர்நே ஃபிராங்கும் வெள்ளைத் திராட்சையான சாவிஞோன் பிளாங்கும் தற்செயலாகக் கலந்து பிறந்ததே இது என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1990களில் நடந்த மரபணு ஆய்வு காட்டியது. மெர்லோ அதைவிட மென்மையானது. பிரான்சின் போர்தோ பகுதியில் இரண்டையும் கலப்பது மரபு. ஷிராஸ், பிரான்சில் சிரா என்ற பெயர் கொண்டது, கருமையும் மிளகும் உடையது. பினோ நுவார் மெல்லிய தோல் கொண்டது. வெளிறிய நிறம், குறைந்த துவர்ப்பு, செர்ரி மணம். இந்திய வெப்பத்தில் இது எளிதில் விளைவதில்லை.

லேபிளை எப்படிப் படிப்பது?

இந்தியா, ஆஸ்திரேலியா, சிலி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பாட்டில்களில் திராட்சையின் பெயர் பெரிதாக இருக்கும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் ஊரின் பெயரே முதன்மை. எந்த ஊரில் எந்தத் திராட்சை என்பதைச் சட்டமே வரையறுத்துள்ளதால் அதை எழுத வேண்டிய தேவை அங்கு எழவில்லை. சான்செர் என்றால் வெள்ளையில் சாவிஞோன் பிளாங், பரோலோ என்றால் நெபியோலோ, கியாந்தி என்றால் பெரும்பாலும் சாஞ்சொவேசே, ரியோகா சிவப்பு என்றால் பெரும்பாலும் தெம்ப்ரனியோ என்று இப்படிச் சிலவற்றை அறிந்துகொண்டால் ஐரோப்பிய அலமாரி அச்சமூட்டாது.

ரிசர்வ் என்ற சொல்லுக்குப் பல நாடுகளில் சட்டப்பொருள் கிடையாது. ஸ்பெயினின் ரியோகாவில் உண்டு: ரெசெர்வா என்றால் விற்பனைக்கு முன் மொத்தம் 3 ஆண்டுகள் முதிர்ந்தது, அதில் குறைந்தது 1 ஆண்டு ஓக் பீப்பாயில், கிரான் ரெசெர்வா என்றால் 5 ஆண்டுகள், அதில் குறைந்தது 2 ஆண்டுகள் பீப்பாயில். முதிர்ந்த ஒயின் எப்படி இருக்கும் என்பதை அறிய விரும்புவோருக்கு, தயாரிப்பாளரே காத்திருந்து விற்கும் இந்த ஒயின்கள் நல்ல நுழைவாயில். பின்பக்க லேபிளில் ஆல்கஹால் சதவீதத்தையும் பாருங்கள். 14க்கு மேல் இருந்தால் கனமும் சூடும் கூடுதலாக இருக்கும்.

பழைய ஒயின்தான் சிறந்ததா?

இல்லை. விற்பனைக்கு வரும் ஒயின்களில் மிகப் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் அருந்துவதற்காகவே செய்யப்படுகின்றன. பரோலோ, உயர்தரப் போர்தோ, சிறந்த ஓர் ஆண்டின் பழத்தால் மட்டும் செய்யும் விண்டேஜ் போர்ட் போன்று டானினும் அமிலமும் செறிவும் ஒருங்கே அமைந்த சிலவே பத்தாண்டு, இருபதாண்டு காலம் மேம்படுகின்றன. இந்திய வெள்ளை ஒயினையோ ரோஸேயையோ வாங்கும்போது கடையில் இருப்பவற்றுள் மிக அண்மைய ஆண்டு எதுவோ அதையே கேட்டு வாங்குங்கள். நான்கு ஆண்டுகளாக அலமாரியில் நின்ற சாவிஞோன் பிளாங்கில் புத்துணர்ச்சி எதுவும் மிஞ்சியிருக்காது.

விலை கூடினால் தரமும் கூடுமா?

ஓர் எல்லை வரை கூடும்; அதன்பின் நிலத்தின் புகழுக்கும் அரிதான தன்மைக்கும் பணம் கொடுக்கிறோம். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, விலையைக் கூட்டிச் சொன்னபோதே அது சுவையாக இருந்ததாகப் பங்கேற்றவர்கள் தெரிவித்தார்கள். மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியும் அப்போது கூடுதலாக இயங்கியது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஆங்கிலேய ஒயின் வணிகரான ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய தேர்வும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. லேபிளை மறைத்துச் சுவைத்த பிரெஞ்சு நடுவர்கள், வெள்ளையில் ஷாட்டோ மான்டலீனாவின் 1973 சார்டொனேயையும், சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் நிறுவனத்தின் 1973 கேபர்நே சாவிஞோனையும் முதலிடத்தில் வைத்தார்கள். இரண்டுமே அதுவரை பெரிதாக மதிக்கப்படாத கலிபோர்னியாவைச் சேர்ந்தவை.

நம் நாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. இறக்குமதி ஒயின்மீது பல ஆண்டுகளாக 150 சதவீதச் சுங்கவரி இருந்துவந்ததாலும், அதன்மேல் மாநில வரிகள் சேர்வதாலும், இங்கு விலையுயர்ந்ததாகத் தோன்றும் வெளிநாட்டு பாட்டில் அதன் சொந்த ஊரில் மிகச் சாதாரணமானதாக இருக்கலாம். ஒரே விலையில் இறக்குமதியும் இந்திய ஒயினும் இருந்தால், தொடக்கநிலையில் இந்திய ஒயினைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை என்பேன். அந்தப் பணத்தில் வரியின் பங்கு குறைவு, ஒயினின் பங்கு மிகுதி.

இந்தியாவில் உண்மையிலேயே நல்ல ஒயின் தயாராகிறதா?

ஆம்; அது எப்படி இயலுகிறது என்பதை அறிந்தால் மதிப்பு மேலும் கூடும். திராட்சைக் கொடிக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். வெப்ப மண்டலத்தில் அது உறங்குவதில்லை. இயல்பாக விட்டால் பழம் முற்றும் காலத்தில் பருவமழை வந்து அழித்துவிடும். ஆகவே நாசிக்கில் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள். கோடையில் செய்யும் கவாத்து கொடியைத் தழைக்கவைப்பதற்காக. மழைக்காலம் முடியும் செப்டம்பரை ஒட்டிச் செய்யும் கவாத்து காய்ப்பதற்காக. இதனால் பழம் குளிர்காலத்தில் முற்றி, ஐரோப்பாவில் கொடிகள் இலையுதிர்ந்து நிற்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் இங்கு அறுவடை நடக்கிறது. ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நாசிக்கின் குளிர்கால இரவுகள் நன்கு குளிர்ந்து, பழத்திலுள்ள புளிப்பைக் காத்துக்கொடுக்கின்றன.

பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் 1980களில் குரோவர் குடும்பத்தினர் தொடங்கிய முயற்சி முன்னோடியானது. சூலா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் நாசிக்கிலிருந்து தன் முதல் ஒயின்களை வெளியிட்டது. சோலாப்பூர் மாவட்டத்தின் அக்லுஜில் ஃபிராடெல்லி நிறுவனம் இத்தாலியின் சாஞ்சொவேசேயை வளர்க்கிறது. பிரான்சின் ஷாண்டோன் நிறுவனம் நாசிக் அருகே நுரைக்கும் ஒயின் தயாரிக்கிறது. வெள்ளையும் நுரைப்பதும் நம் மண்ணில் இன்று உறுதியாக நன்றாக உள்ளன. சிவப்பில் ஷிராஸ் முன்னே நிற்கிறது. மலிவான இந்தியக் கேபர்நேயில் சில நேரம் பச்சைத் துவர்ப்பு தெரியும். அங்கு மட்டும் ஒரு படி கூடுதல் விலைக்குச் செல்வது நல்லது.

கம்பம் பன்னீர் திராட்சையில் ஏன் இத்தகைய ஒயின் வருவதில்லை?

2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அறிந்த வகை. அதன் மணம் உயர்ந்தது. ஆனால் அது முதன்மையாக உண்பதற்கான பழம். ஒயினுக்கான திராட்சை சிறிதாகவும், சாற்றோடு ஒப்பிடத் தோலும் விதையும் மிகுந்ததாகவும், உண்ணும் திராட்சையைவிடச் சர்க்கரை கூடியதாகவும் இருக்கும். பன்னீர் திராட்சையிலிருந்து இனிய, மணமுள்ள, எளிய ஒயின் கிடைக்கும். துவர்ப்பும் ஆழமும் உள்ள சிவப்பு ஒயினை அதனிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

கடையில் பாட்டிலை எப்படிச் சோதிப்பது?

தென்னிந்தியாவில் ஒயினின் முதல் எதிரி வெப்பம். குளிரூட்டப்படாத கடையில், கண்ணாடிச் சன்னலை ஒட்டிய அலமாரியில் கோடை முழுவதும் நின்ற பாட்டிலில் எத்தனை புகழ்பெற்ற ஒயின் இருந்தாலும் அது வெந்த பழத்தின் வாசனையையே தரும். பாட்டிலைக் கையில் எடுத்து மூடியின் உறையை மெல்லத் திருகிப் பாருங்கள். இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தால், உள்ளிருந்து ஒயின் கசிந்து காய்ந்திருக்கலாம். கார்க் கழுத்துமட்டத்திற்கு மேல் தள்ளியிருந்தால் ஒயின் சூடேறி விரிந்திருக்கிறது என்று பொருள். பாட்டிலின் பக்கத்தில் பிசுபிசுப்பான கோடு வழிந்திருந்தாலும், கழுத்தில் ஒயினின் மட்டம் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தாலும் வாங்க வேண்டாம். இளம் வெள்ளை ஒயினின் நிறம் பழுப்பை நோக்கி மாறியிருப்பதும் எச்சரிக்கையே. எந்தக் கடையில் ஒயின்களைக் குளிரூட்டிய அறையில் வைக்கிறார்கள் என்று கண்டுபிடித்து அங்கேயே தொடர்ந்து வாங்குவது, எந்த நூலறிவைவிடவும் பயன் தரும்.

திருகுமூடி இருந்தால் மலிவான ஒயின் என்று பொருளா?

அல்ல. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உயர்ந்த ஒயின்களுக்கும் திருகுமூடியே வழக்கம். நம் தட்பவெப்பத்தில், இளமையிலேயே அருந்த வேண்டிய ஒயின்களுக்கு அதுவே பாதுகாப்பானது.

எந்த வெப்பநிலையில் பரிமாறுவது? மீதியை எப்படிக் காப்பது?

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் அருந்த வேண்டும் என்ற விதி ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் பிறந்தது. அங்கு அது 16 முதல் 18 டிகிரி செல்சியஸைக் குறித்தது. சென்னையில் 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹாலின் நெடி மட்டுமே மேலெழும். ஆகவே சிவப்பையும் அருந்துவதற்கு முன் அரைமணி நேரத்திற்குக் குறையாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி, நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8 டிகிரி பொருத்தம். திறந்த பாட்டிலை, சிவப்பாக இருந்தாலும், மூடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். திறக்காத பாட்டில்களை மாதக்கணக்கில் வைக்க, ஒயினுக்கான குளிர்பெட்டி இல்லாவிட்டால், சமையலறை அலமாரியைவிட ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு மேலானது.

நம் உணவோடு எது பொருந்தும்?

மிளகாயின் காரம் ஆல்கஹாலின் சூட்டையும் டானினின் இழுப்பையும் பெருக்கிக் காட்டும். எனவே காரமான குழம்போடு 14.5 சதவீத ஆல்கஹால் கொண்ட கேபர்நே வாயில் எரிச்சலாகவே முடியும். சற்று இனிப்பு எஞ்சிய, ஆல்கஹால் குறைந்த, குளிர்ந்த செனின் பிளாங்கோ ரீஸ்லிங்கோ அந்தக் காரத்தைத் தணிக்கும். புளி சேர்ந்த உணவோடு புளிப்பு குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும் என்பதால், மீன்குழம்புக்குச் சாவிஞோன் பிளாங் ஏற்றது. மீனோடு சிவப்பு ஒயின் அருந்தும்போது கவுச்சி கூடுவதற்கு ஒயினில் கரைந்துள்ள இரும்பு ஒரு காரணம் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியுள்ளார்கள்.

வறுத்த வஞ்சிரத்தோடு புரூட் வகை நுரைக்கும் ஒயினை ஒரு முறை சேர்த்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசையைப் புளிப்பும் நுரையும் துடைத்துவிட, அடுத்த துண்டு முதல் துண்டைப் போலவே சுவைக்கும். பிரியாணிக்கு டிரை ரோஸே. மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டிச் செய்த ஆட்டுக்கறி வறுவலுக்கு ஷிராஸ். பாயசம் போன்ற இனிப்புகளோடு, அந்த இனிப்பைவிட இனிப்பான ஒயின்தான் நிற்கும். பழத்தைக் கொடியிலேயே கூடுதலாகப் பழுக்கவிட்டுச் செய்யும் தாமத அறுவடைச் செனின் பிளாங் இந்தியாவிலேயே கிடைக்கிறது.

ஒயின் கெட்டுவிட்டதை எப்படி அறிவது?

நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்து, பழ மணம் மறைந்திருந்தால், கார்க்கில் உண்டாகும் டி.சி.ஏ. என்னும் சேர்மத்தால் அது கெட்டிருக்கிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். உணவகத்தில் அத்தகைய பாட்டிலைத் தயங்காமல் திருப்பித் தரலாம். பரிமாறுபவர் முதலில் சிறிதளவு ஊற்றிக் காட்டுவதன் நோக்கமே அதுதான். காடி வாடையும் கெடுதலின் அடையாளம். அடியில் தங்கும் கண்ணாடித் துகள் போன்ற படிகங்கள் திராட்சையின் டார்டாரிக் அமில உப்பு, அவை தீங்கற்றவை.

ஒயின் உடலுக்கு நல்லது என்கிறார்களே?

அதை நம்பி அருந்தத் தொடங்க வேண்டாம். பாதுகாப்பான மது அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்தது. ஆல்கஹால் புற்றுநோய்க் காரணி என்பதும் உறுதிப்பட்ட செய்தி. கருவுற்றவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், மதுவோடு சேராத மருந்து உட்கொள்பவர்களும் முற்றாகத் தவிர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான வயது 21. அருந்திய பின் வண்டி ஓட்டக் கூடாது. சுவைத்துக் கற்கும்போது, தொழில்முறைச் சுவைஞர்கள் செய்வதுபோல், வாயில் சுழற்றிய பின் ஒரு பாத்திரத்தில் உமிழ்ந்துவிடலாம். மணத்திலும் சுவையிலும் பெரும்பகுதி அதற்குள் கிடைத்துவிடுகிறது.

முறையாகப் படிக்க வழி உண்டா?

லண்டனில் 1969இல் நிறுவப்பட்ட டபிள்யூ.எஸ்.இ.டி. (ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட்) என்னும் ஒயின் கல்வி அமைப்பு நான்கு நிலைகளில் பாடங்களை நடத்துகிறது. இந்தியப் பெருநகரங்கள் சிலவற்றிலும் இணையவழியிலும் அவற்றைப் பயிலலாம். முதல் நிலைக்கு முன்னறிவு எதுவும் தேவையில்லை. ஆர்வலருக்கு இரண்டாம் நிலை வரை போதுமானது. இத்துறையின் மிகக் கடினமான பட்டம் மாஸ்டர் ஆஃப் ஒயின்; அதன் முதல் தேர்வு 1953இல் நடந்தது. 2016இல் சோனல் ஹாலந்து அப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியரானார். பாடத்தில் சேர்வதற்கு முன், மேலே சொன்ன இணைகளில் சிலவற்றையாவது சுவைத்து, திராட்சை, ஊர், ஆண்டு, விலை ஆகியவற்றோடு ஐந்து கூறுகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தால், ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள் சுவைத்த ஒரு பாட்டில் எதிரே இருக்கும்.

நண்பர்களுடன் சுவைத்துப் பார்க்க எவ்வளவு வாங்க வேண்டும்?

750 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்றில் உணவோடு அருந்தும் அளவில் ஐந்து கோப்பைகளும், ஒப்பிட்டுச் சுவைக்கும் அளவில் பத்துக்கு மேற்பட்ட கோப்பைகளும் கிடைக்கும். ஆறு பேருக்கு இரண்டு பாட்டில்கள் தாராளம். ஒவ்வொருவருக்கும் ஒரே வடிவிலான இரண்டு கோப்பைகள், குடிக்கத் தண்ணீர், உப்பு குறைந்த ரொட்டி, உமிழ ஒரு பாத்திரம் ஆகியவற்றை வைத்துவிட்டு, சமையலறைத் தாளிப்பு வாசனை அடங்கிய பிறகு பாட்டில்களைத் திறக்கலாம்.